அமெரிக்காவில் பொய் சொன்னால் ஜெயில் உண்டா?

டல்லாஸில் இருக்கும் உங்கள் அண்ணனும் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சமூக ஊடகங்களின் வாயைக் கட்டியது பைடன் அரசுதான் என்கிறார் அண்ணன். டிரம்ப் ஆட்கள் வாயைத் திறந்தாலே பொய், ஒரு சட்டம் போட்டு உள்ளே தள்ள வேண்டும் என்கிறார் அக்கா. நடுவில் மாட்டிக்கொண்ட நீங்கள், "அரசியல்வாதி பச்சைப் பொய் சொன்னால் தண்டிக்க அங்கே சட்டமே இல்லையாமே, நிஜமா? ஏன் ஒன்று போடக்கூடாது?" என்று கேட்கிறீர்கள். சட்டம் இருக்கிறதா என்பது சின்னக் கேள்வி. எது பொய் என்று முடிவு செய்யும் வேலையை ஓர் அரசாங்கத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் பெரிய கேள்வி. அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன்.

கல்லூரியில் எம்.ஏ. மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு பேப்பரை 26 வருஷம் நடத்தியவன் நான். வழக்கறிஞன் அல்ல. அங்கே குடியிருந்தவனும் அல்ல. அதனால் ஊர் நாடி எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். பழைய கதைகளை உறுதியாகச் சொல்ல முடியும். கடந்த பத்து வருஷக் கதைகளில் கோர்ட்டிலும் பொதுப் பதிவிலும் ஏறியவற்றை மட்டும் சொல்கிறேன்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பொய் என்பதற்காக மட்டும் ஒரு பேச்சைத் தண்டிக்க முடியாது. 2012இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இதை நேராகவே எதிர்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஒரு தண்ணீர் வாரிய உறுப்பினர், பெயர் சேவியர் ஆல்வரஸ், கூட்டத்தில் எழுந்து தனக்கு நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் கிடைத்ததாக அளந்துவிட்டார். அவர் ராணுவத்தில் இருந்ததே இல்லை. வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வது குற்றம் என்று 2006இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தையே கோர்ட் 6க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ஆனால் பொய்யால் ஒருவரை ஏமாற்றிக் காசு பறித்தால் மோசடி. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் குற்றம். ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவதூறு வழக்கு. மத்திய அரசு அதிகாரி விசாரிக்கும்போது முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னாலும் ஜெயில் உண்டு. டி.வி. பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் 2004இல் ஐந்து மாதம் உள்ளே போனதில் அந்தக் குற்றச்சாட்டும் ஒன்று. அதிகாரியிடம் பொய் சொன்னால் கம்பி, மக்களிடம் சொன்னால் கைதட்டல் என்று வகுப்பில் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் நிலவரம் ஏறக்குறைய அதுதான்.

"ஏன் ஒரு சட்டம் போடக்கூடாது" என்ற கேள்விக்கு வருவோம். போட்டார்கள். நாடு பிறந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள் போட்டார்கள். 1798 ஜூலை 14 அன்று ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்ட செடிஷன் சட்டம். செடிஷன், அதாவது ராஜதுரோகம், என்றதும் நமக்கு வ.உ.சி. ஞாபகத்துக்கு வருவார், இது அதற்கு நூறு வருஷம் மூத்தது. அரசைப் பற்றியோ, நாடாளுமன்றத்தைப் பற்றியோ, ஜனாதிபதியைப் பற்றியோ பொய்யாகவும் கெட்ட எண்ணத்தோடும் எழுதினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். காகிதத்தில் படித்தால் நல்ல சட்டம் மாதிரிதான் இருக்கும். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்றுகூட அதில் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த வசதியும் கிடையாது. ஆனால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். துணை ஜனாதிபதியைத் திட்டினால் குற்றம் என்று அதில் இல்லை, ஏனென்றால் துணை ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் எதிர்க்கட்சிக்காரர். இன்னொன்று, சட்டம் 1801 மார்ச் 3 அன்று தானாகக் காலாவதி ஆகும் என்று எழுதியிருந்தார்கள். ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் கடைசி நாள் அது.

யார் மாட்டினார்கள்? தண்டனை பெற்ற சுமார் பத்துப் பேரும் ஆளும் கட்சிக்கு எதிர்ப்பக்கம். நியூவார்க்கில் லூதர் பால்ட்வின் என்று ஒரு குடிமகன், இரண்டு அர்த்தத்திலும். ஆடம்ஸ் ஊர் வழியாகப் போகிறார், மரியாதைக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். குடித்துவிட்டு நின்ற பால்ட்வின், குண்டு ஜனாதிபதியின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தனக்குக் கவலையில்லை என்றார். அபராதம் கட்டினார். இதில் எது பொய்த் தகவல் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான மேத்யூ லயன், ஆடம்ஸுக்கு ஆடம்பரப் பித்து, முகத்துதி ஆசை என்று எழுதியதற்கு நான்கு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். ஜெயிலில் இருந்துகொண்டே மறுபடி ஜெயித்தார். 1801இல் ஜனாதிபதித் தேர்தல் சமநிலையில் சிக்கி நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, 36ஆவது சுற்றில் வெர்மான்ட்டின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டதும் அவரேதான்.

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகைக்காரரைப் பற்றி. நல்ல மனிதர் இல்லை. காசுக்கு எழுதுகிறவர், வாய் நாறும். ஆடம்ஸைத் திட்டி எழுதியதற்கு ஒன்பது மாதம் சிறை. அவருக்கு மறைவாகப் பணம் கொடுத்து வந்தவர் ஜெஃபர்சன். ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆனதும் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் எதிர்பார்த்த உத்தியோகம் கிடைக்காத கோபத்தில் காலண்டர் அவர் மேலேயே பாய்ந்தார். ஜெஃபர்சனுக்கும் அவரது அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கும் குழந்தைகள் உண்டு என்று 1802இல் அச்சடித்தார். கேடுகெட்டவன் கிளப்பிய அவதூறு என்று வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஒதுக்கி வைத்தார்கள், கிட்டத்தட்ட இருநூறு வருஷம். 1998இல் மரபணுச் சோதனை வந்தது. ஜெஃபர்சனின் வீட்டைப் பராமரிக்கும் அமைப்பே 2000இல் அது பெரும்பாலும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் இதை ‘ஆதாரமற்ற வதந்தி’ என்றுதான் நடத்தினேன். அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது.

ஜெஃபர்சன் பேச்சுரிமையின் காவலர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஜனாதிபதி ஆனபின் 1803இல் பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், எதிர்க்கட்சிப் பத்திரிகைகளில் ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுத்து வழக்குப் போட்டால் நல்ல பலன் கிடைக்கும் என்று யோசனை சொன்னார். அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஹாரி க்ராஸ்வெல் என்ற பத்திரிகைக்காரர் மேல் வழக்கு. குற்றம் என்ன? காலண்டருக்கு ஜெஃபர்சன் பணம் கொடுத்தார் என்று எழுதியது. அது உண்மை. ஆனால் உண்மை என்று நிரூபிக்கவே கோர்ட் அவரை அனுமதிக்கவில்லை. நேற்று வரை அடிவாங்கிய கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே பிரம்பைத்தான் எடுத்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

1918 கதையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். முதல் உலகப் போர். அரசு தனக்கென்று ஒரு பிரசார அலுவலகம் வைத்து, சினிமா கொட்டகைகளில் நான்கு நிமிஷம் பேச 75,000 பேரைத் தயார் செய்தது. எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறை. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஓஹாயோவில் ஒரு மேடையில் பேசியதற்குப் பத்து வருஷம். 1920இல் அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று 9 லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கினார். ‘கூட்டமான கொட்டகையில் தீ என்று பொய்யாகக் கத்தும் உரிமை யாருக்கும் இல்லை’ என்று உங்கள் அக்கா ஒரு வாதம் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஹோம்ஸ் 1919இல் சொன்ன உதாரணம்தான். ஆனால் அந்த வழக்கில் கொட்டகையும் இல்லை, தீயும் இல்லை. கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அனுப்பியவர்களை உள்ளே தள்ளிய தீர்ப்பு அது. 1969இல் அதே கோர்ட் அந்த அளவுகோலை மாற்றிவிட்டது. உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடந்துவிடும் வாய்ப்பும் இருந்தால்தான் இப்போது தண்டிக்க முடியும்.

இதுவரை அரசு பொய்யைத் தண்டிக்கிறேன் என்று கிளம்பியதைச் சொன்னேன். அரசே பொய்யை உற்பத்தி செய்ததும் உண்டு. தனக்கு ஆகாத அமைப்புகளையும் ஆட்களையும் கவிழ்க்க எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை ஒரு ரகசியத் திட்டம் நடத்தியது. 1964 நவம்பரில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது, கூடவே ஓட்டல் அறைகளில் ஒளிந்து பதிவு செய்த ஒலிநாடா. ஒரு கறுப்பினத்தவர் மனம் வெறுத்து எழுதியது போல ஜோடித்து, நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று தற்கொலையை மறைமுகமாகச் சொன்ன கடிதம். எழுதி அனுப்பியது எஃப்.பி.ஐ. அதே மாதத்தில் அதன் இயக்குநர் ஹூவர், நாட்டிலேயே பேர்போன பொய்யர் கிங்தான் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். 1970இல் நடிகை ஜீன் சீபெர்க் கர்ப்பமாக இருந்தார். கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர் அவர். குழந்தைக்குத் தகப்பன் அந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று வதந்தி கிளப்ப எஃப்.பி.ஐ. அலுவலகம் தலைமையிடம் அனுமதி கேட்டது, அனுமதியும் கிடைத்தது. இது ஆவணமாகவே இருக்கிறது. சில வாரங்களில் வதந்தி பத்திரிகையில் வந்தது. எந்தக் கை வழியாகப் போனது என்பதில் மட்டும் இன்றும் தகராறு உண்டு. குழந்தை குறைமாதத்தில் பிறந்து இரண்டு நாளில் இறந்தது.

இதெல்லாம் வெளியே வந்த விதம்தான் ஆச்சரியம். 1971 மார்ச் 8 இரவு, முகமது அலி – ஜோ ஃப்ரேசியர் குத்துச்சண்டையை ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரம், பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் எட்டுப் பேர் புகுந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். வெளியிட வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டும் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அந்த எட்டுப் பேரும் பிடிபடவே இல்லை. ஆக, அரசின் பொய்யை நிரூபிக்க ஒரு திருட்டு தேவைப்பட்டது. அதன் பிறகுதான் 1975இல் செனட்டின் விசாரணைக் குழு உட்கார்ந்தது.

மெக்கார்த்தி காலத்தையும் கேட்டிருந்தீர்கள். 1950 பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில், வெளியுறவுத் துறையில் இருக்கும் 205 கம்யூனிஸ்ட்களின் பட்டியல் தன் கையில் இருக்கிறது என்று செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேசினார். அடுத்த ஓரிரு நாளில் அது 57 ஆனது, செனட்டில் 81 ஆனது. பட்டியலை யாரும் பார்த்ததில்லை. செனட்டர் சொன்னதைச் சொன்னபடி போடுவதே நடுநிலை என்று நினைத்த பத்திரிகைகள் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்தன. ஆனால் ஒன்று. சோவியத் உளவாளிகள் அமெரிக்க அரசுக்குள் நிஜமாகவே இருந்தார்கள். அதை உறுதி செய்யும் ரகசியத் தந்திகள் 1995இல் வெளியாயின. மெக்கார்த்தி கை காட்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அந்த உளவாளிகளுக்கும் சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம். அரசியல் புரளியில் பெரும்பாலும் இப்படி ஒரு சிட்டிகை உண்மை கலந்திருக்கும். அதனால்தான் அதை உடைப்பது கஷ்டம்.

சரி, பொய்யை அப்படியே அவிழ்த்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். இதற்கு அமெரிக்கா வைத்திருக்கும் வழி அவதூறு வழக்கு. அதிலும் ஒரு முள் இருக்கிறது. 1960 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் கிங்கின் ஆதரவாளர்கள் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அதில் சில பிழைகள். கிங் நான்கு முறை கைதானார், ஏழு என்று போட்டுவிட்டார்கள். மாணவர்கள் பாடியது தேசிய கீதம், விளம்பரம் வேறு பாட்டைச் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு அலபாமாவில் மாண்ட்கமரி நகரத்தின் காவல்துறைப் பொறுப்பாளர் சல்லிவன் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. அலபாமா முழுவதும் அந்த இதழ் போனது 394 பிரதி, அவர் மாவட்டத்துக்கு 35. உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் விதித்தது. இனவெறியை எழுத வரும் வெளியூர்ப் பத்திரிகைகளைத் திவாலாக்கி விரட்டும் வழி இது. 1964இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக அதைத் தடுத்தார்கள். பொது அதிகாரி வழக்குப் போட்டால், எழுதியவருக்கு அது பொய் என்று தெரியும், அல்லது பொய்யோ மெய்யோ என்ற அக்கறையே அவருக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டும். வெறும் தவறு போதாது.

இந்த விதி பொய்யர்களுக்குக் கேடயமாகிவிட்டது என்று இன்று இரண்டு நீதிபதிகள், தாமஸும் கோர்சச்சும், மறுபரிசீலனை கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கடினமான அளவுகோலை வைத்துக்கொண்டே பெரிய பொய்கள் விலை கொடுத்திருக்கின்றன. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரம் மோசடி செய்தது என்ற கதையைப் பரப்பியதற்காக ஃபாக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உள்ளே இருந்தவர்களே அந்தக் கதையை நம்பவில்லை என்பது அவர்களது சொந்தக் குறுஞ்செய்திகளில் வெளியாகிவிட்டது. கோர்ட்டில் அதற்கு மேல் என்ன வேண்டும். அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய ஒரு தாயும் மகளும் கையில் ஏதோ மாற்றிக்கொள்வது வீடியோவில் தெரிந்தது. வாக்குகளைத் திருத்தும் யு.எஸ்.பி. கருவி அது என்றார் டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி. அது இஞ்சி மிட்டாய். கொலை மிரட்டல்கள் வந்து, எஃப்.பி.ஐ. சொல்லி அந்தத் தாய் வீட்டைவிட்டே போய் இருக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் ஜூரி 14.8 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. ஜூலியானி திவால் மனு போட்டார். 2025 ஜனவரியில் தொகை வெளியே சொல்லாத ஒரு சமரசம். மூன்று வருஷம் பயந்து வாழ்ந்ததை எந்தத் தொகை ஈடு செய்யும் என்பது எனக்குத் தெரியாது. இந்த வழியின் பெரிய குறையே அதுதான். மெதுவாகத்தான் வரும், அதுவும் வக்கீல் கிடைத்தவர்களுக்குத்தான் வரும்.

ஒரு தனி மனிதரைச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையே சொன்னால் இந்த வழியும் அடைபட்டுப் போகிறது. ஓஹாயோவில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் 2024இல் நடந்தது அது. ஹெய்ட்டியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அக்கம்பக்கத்து நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று ஃபேஸ்புக்கில் ஒரு பெண் போட்ட பதிவு. அவர் பார்த்ததல்ல, பக்கத்து வீட்டார் வழியாக யாரோ சொன்னதைக் கேட்டது. செப்டம்பர் 10 அன்று டிரம்ப் அதை ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் கோடிக்கணக்கானவர்கள் முன்னால் சொன்னார். ஊரில் ஒரு பெண் தன் பூனையைக் காணோம், ஹெய்ட்டிக்காரர்கள் மேல் சந்தேகம் என்று போலீஸில் சொல்லியிருந்தார். பூனை சில நாளில் அவர் வீட்டு நிலவறையிலேயே கிடைத்தது. அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அரசியல்வாதிகள் யாரும் கேட்கவில்லை. 30க்கு மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள், எல்லாம் புரளி, ஆனால் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. மாநில ஆளுநர் மைக் டிவைன் டிரம்ப்பின் கட்சிக்காரர், அந்தப் பகுதியில் பிறந்தவர். கதையில் உண்மை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் பழமொழி வைத்திருக்கிறோம். இங்கே நெருப்பில்லாமலே புகைந்தது. அப்புறம் அந்தப் புகைதான் நெருப்பை வைத்தது.

இப்போது உங்கள் அண்ணனுக்கு. பைடன் அரசு பற்றி அவர் சொல்வதில் உண்மை உண்டு. கோவிட் பதிவுகளை எடுக்கச் சொல்லி வெள்ளை மாளிகை அதிகாரிகள் நிறுவனங்களைத் திரும்பத் திரும்ப நெருக்கினார்கள். கிண்டல் பதிவுகளையும் சேர்த்துக் கேட்டார்கள் என்று ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பெர்க் 2024 ஆகஸ்டில் எழுத்தில் கொடுத்தார். 2022 ஏப்ரலில் பொய்த் தகவலுக்கென்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் ஒரு வாரியம் அறிவித்து, மூன்றே வாரத்தில் நிறுத்தி, ஆகஸ்டில் கலைத்தார்கள். அதன் தலைவியாக வந்த பெண்ணுக்கும் மிரட்டல்கள். அரசு நெருக்கியதா, மிரட்டியதா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2024 ஜூனில் 6க்கு 3 என்று, வழக்குப் போட்டவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று முடித்துவிட்டார்கள். அரசு குற்றமற்றது என்று கோர்ட் சொன்னதாக அக்கா சொன்னால் அது தவறு. மிரட்டியது நிரூபணமானது என்று அண்ணன் சொன்னாலும் தவறு. பைடனின் மகன் ஹண்டரின் மடிக்கணினியில் இருந்தவை என்று வந்த செய்தியை ட்விட்டர் தடுத்தது 2020 அக்டோபரில். தடுத்தது தப்பு, கணினி அவருடையதுதான் என்பது 2024இல் கோர்ட்டிலேயே பதிவானது. ஆனால் அன்று வெள்ளை மாளிகையில் இருந்தவர் டிரம்ப். அதைப் பைடன் அரசின் தணிக்கை என்று அண்ணன் கணக்கில் எழுத முடியாது.

அண்ணன் கட்சி ஆட்சிக்கு வந்ததும் என்ன நடந்தது? 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்ற அன்றே, மத்திய அரசின் தணிக்கை இனிமேல் இல்லை என்று ஆணை. பிப்ரவரியில், மெக்சிகோ வளைகுடாவை ‘அமெரிக்க வளைகுடா’ என்று எழுத மறுத்த அசோசியேட்டட் பிரஸ் நிருபர்களுக்கு ஜனாதிபதி அறைக்குள் அனுமதி மறுப்பு. மார்ச்சில் மாசசூசெட்ஸில் ஒரு துருக்கி மாணவியை முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துப் போனார்கள். பல்கலைக்கழகப் பத்திரிகையில் மற்றவர்களோடு சேர்ந்து காசா பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆறு வாரம் கழித்து ஒரு நீதிபதி விடுவித்தார். மாணவர் விசாவில் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் நம் ஊர்ப் பெற்றோர்கள் போனில் ‘எதையும் ஷேர் பண்ணாதே’ என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். செப்டம்பரில், நகைச்சுவைக்காரர் ஜிம்மி கிம்மலின் டி.வி. நிகழ்ச்சியைப் பற்றி ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர், நல்லபடியாகவும் முடிக்கலாம், கடினமான வழியும் இருக்கிறது என்ற தொனியில் பேசினார். அன்றே தொலைக்காட்சி நிறுவனம் நிகழ்ச்சியை நிறுத்தியது. ஆறு நாளில் திரும்ப வந்தது. என்னைக் கேட்டால், உரிமம் வழங்கும் அதிகாரி வெளிப்படையாக மிரட்டுவதும் கட்டுரைக்காக ஒருவரைத் தடுப்புக் காவலில் வைப்பதும் முன்பு நடந்த மறைமுக நெருக்கடியைவிடக் கனமானவை. இது என் தீர்மானம். இதை அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

சந்தேகத்துக்குரியதையும் சொல்ல வேண்டும். இந்த விஷமெல்லாம் சமூக ஊடகத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவ்வளவு உறுதி அதில் இல்லை. 2020 தேர்தல் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வரிசையை மூன்று மாதம் மாற்றி வைத்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். என்ன பார்க்கிறார்கள் என்பது மாறியது, அரசியல் வெறுப்பு குறிப்பிடும்படி மாறவில்லை. மூன்று மாதம் போதுமா, அந்த நேரத்தில் நிறுவனமே சில தடுப்புகளை வைத்திருந்ததே என்று மறுப்பும் உண்டு. 2016 தேர்தலில் ட்விட்டரில் பரவிய பொய்ச்செய்தித் தளங்களின் இணைப்புகளில் 80 சதவீதத்தைப் பகிர்ந்தவர்கள் 0.1 சதவீதம் பேர்தான் என்று இன்னொரு ஆய்வு. சர்ச்சையான விஷயத்தில் எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற பழைய ஒளிபரப்பு விதியை 1987இல் ரீகன் காலத்தில் எடுத்ததுதான் காரணம் என்று அக்கா எழுதியிருந்தால், அதுவும் பாதிதான். வானொலிக்கு அது பொருந்தும். அந்த விதி உரிமம் வாங்கிய ஒளிபரப்புக்கு மட்டும்தான். கேபிளில் வரும் ஃபாக்ஸ் நியூஸை அது கட்டியிருக்காது.

பேச்சில் விஷம் புதிதல்ல. 1856இல் செனட் அறைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை ஒரு தென்மாநில உறுப்பினர் கைத்தடியால் நினைவு தப்பும் வரை அடித்தார். அவருக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன. இப்போது மாறியிருப்பது மிரட்டலின் எண்ணிக்கையும் அது போய்ச் சேரும் இடமும். நாடாளுமன்றக் காவல்துறை விசாரித்த மிரட்டல்களும் கவலைக்குரிய பேச்சுகளும் 2017இல் சுமார் 4,000; 2021இல் 9,600க்கு மேல்; 2024இல் ஏறத்தாழ 9,500. முன்பெல்லாம் தலைவர்களுக்கு வந்தது இப்போது வாக்குச்சாவடி எழுத்தருக்கும் பள்ளிக்கூட நிர்வாகிக்கும் நூலகருக்கும் வருகிறது. இதற்கு மட்டும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையான கொலை மிரட்டலுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது, ஜெயில் உண்டு.

ஆக, அக்கா கேட்கும் சட்டம் ஒருமுறை வந்து போன சட்டம். அவர் அதை மறுபடி குழுவில் எழுதினால், அந்தப் பால்ட்வின் கதையை அனுப்பிவிட்டு, ‘இந்தச் சட்டம் அடுத்த தேர்தலில் அண்ணன் கட்சி கைக்குப் போகுமே, பரவாயில்லையா?’ என்று மட்டும் கேளுங்கள். அண்ணனிடம் கேட்க வேண்டியது கிம்மலைப் பற்றி. இரண்டு பேரும் பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.